முழங்காலுக்கு இரங்கும் காடு
கோடியக்கரை வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவருக்குத் திறந்த மடல்

கோடியக்கரையில் எங்களைக் காட்டுக்குள்ளும் சதுப்போரமும் கடற்கரையிலும் கூட்டிச்சென்ற அண்ணனுக்கு,

உங்கள் பெயரை இந்த மடலில் எழுதப் போவதில்லை. நீங்கள் அதை விரும்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோதே, "மானை எடுங்க தங்கச்சி, என்னை எதுக்கு?" என்று ஒதுங்கிக்கொண்டவர் நீங்கள். ஆனாலும் இந்த நன்றியை உங்கள் காதில் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இனிமேல் கோடியக்கரைக்குப் போகப் போகிறவர்கள் அந்த நாலு பேரில் இருக்கலாம். உங்களைப் போன்றவர்களின் சம்பளத்தை நிர்ணயிக்கிறவர்களும் இருக்கலாம்.

முதல் நன்றி என் அம்மாவின் சார்பில். எழுபதை நெருங்கும் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நம் ஊரில் காடு பார்க்கக் கிளம்புகிறோம் என்றால் மலைக்குத்தான் கிளம்புகிறோம். கொல்லிமலை, வெள்ளியங்கிரி, குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் ஏற்றம்தான். நடக்கத் தெரிந்தவர் என்று பெயர் வாங்க வேண்டுமானால் எத்தனை ஆயிரம் அடி ஏறினோம் என்று சொல்லியாக வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களும் மூச்சு வாங்குகிறவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அடிவாரத்தில் வேனுக்குள் உட்கார்ந்து, ஏறிப்போனவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதையைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். என் அம்மா அப்படிக் கேட்ட கதைகள் நிறைய.

கோடியக்கரையில் ஏற்றம் கிடையாது. வங்கக் கடலோரமாக வடக்கிலிருந்து தெற்கே நேராக இறங்கி வரும் தமிழ்நாட்டுக் கரை, அங்கேதான் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரைக்கும் நீண்டு கிடக்கும் சதுப்பு. இவற்றுக்கு நடுவே மணல் மேல் வளர்ந்து நிற்கும் காடு. காடு, கடற்கரை, சதுப்பு மூன்றையும் ஒரே நாளில், அவசரப்படாமல், சமதரையிலேயே நடந்து பார்க்கக்கூடிய இடம் நம் மாநிலத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை நெருக்கமாக இல்லை. வெளிமானைக் காப்பதற்காக 1967இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002இல் சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேரைப் பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ஈரநிலம் அது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள், 2022 வரைக்கும், நம் மாநிலத்தின் ஒரே ராம்சார் தலமும் அதுதான்.

சமதரை என்றால் சுலபம் என்று நினைத்துத்தான் வந்தோம். காலுக்குச் சுலபம்தான். அந்தச் சுலபம் உங்கள் உழைப்பில் வந்தது என்பது உங்களோடு நடக்க நடக்கத்தான் விளங்கியது. இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான்.

சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் நீங்கள் செய்த முதல் காரியம், அம்மாவின் செருப்பைக் குனிந்து பார்த்தது. "வார் இருக்கு, சரி. மணல்ல கழலாது" என்றீர்கள். அடுத்து என் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னீர்கள். ஏன் என்று பத்து நிமிடத்தில் புரிந்தது. இரண்டு பக்கமும் காரையும் சூரையும் நீட்டிக்கொண்டு நின்றன. சூரை முள் வளைந்த முள். மாட்டிக்கொண்டால் முன்னால் இழுக்கக் கூடாது, ஒரு அடி பின்னால் போனால் தானாக விட்டுவிடும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். பாதையின் குறுக்கே வந்த கிளைகளை நீங்கள் ஒடிக்கவில்லை. கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா கடந்துபோகும் வரை நின்றீர்கள், ஒவ்வொரு முறையும்.

அந்தக் காட்டைப் பற்றி என் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது காடாகவே முதலில் தெரியாது. மரங்கள் குட்டை. கடல்காற்று வாங்கி வாங்கி ஒரே பக்கமாகச் சாய்ந்து, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன. வறண்ட பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துகிறார்கள். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வெயிலும் உப்புக்காற்றும்தான். அப்போதும் இலை உதிராமல் நிற்கும் காடு. ஒரு காலத்தில் கிழக்குக் கரை நெடுக இருந்தது. இன்று பல ஊர்களில் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று கோயில் காடாக மிஞ்சியிருக்கிறது. தொடர்ச்சியான பெருங்காடாக மிஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் கோடியக்கரை ஒன்று.

அங்கே மரங்களின் அரசன் என்றால் பாலை மரம்தான். காட்டை ஆள்வது அது. உலக்கை செய்ய உதவும் அளவுக்கு வைரம் பாய்ந்த மரம். மெதுவாக வளரும். பட்டையைத் தொட்டுக் காட்டி, கோடையில் வந்தால் பழம் மஞ்சளாகப் பழுத்துக் கிடக்கும், தின்றால் உதட்டில் பால் ஒட்டும், ஆனால் அத்தனை இனிப்பு என்று சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் முகத்தில் பத்து வயதுப் பையன் தெரிந்தான். இந்தக் காட்டோரத்திலேயே பிறந்து, பாலைப்பழம் பொறுக்கித் தின்று வளர்ந்து, பிறகு அதே காட்டுக்குக் காவலரானவர் நீங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் தர முடியாத படிப்பு அது.

பாலைக்கு அடுத்து நாவல், உகாய், விடத்தலை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தீர்கள். கடல் இத்தனை பக்கத்தில் இருந்தும் இந்த மரங்கள் பிழைப்பது எப்படி என்று அம்மா கேட்டார். மணல் வாங்கி வைத்திருக்கும் மழைத்தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்பதால்தான் என்று காலால் மணலைக் கீறிக் காட்டினீர்கள். அடியில் ஈரம். மணலை அள்ளிக்கொண்டு போனால் மரமும் போய்விடும், ஊர்க் கிணறும் போய்விடும் என்றீர்கள். கடற்கரையோர மணல் ஏன் தொடப்படக் கூடாது என்பதற்கு நான் படித்த நீளமான விளக்கங்கள் எதுவும் இந்த ஒரு கீறலுக்கு ஈடாகாது.

வெளிமான்களைப் பார்த்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அம்மா இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

காடு விலகிப் புல்வெளி தொடங்கும் இடத்தில் கையை உயர்த்தினீர்கள். நின்றோம். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளுத்த புல், அதற்கு அப்பால் வெயில். பிறகுதான் புல்லின் நிறத்திலேயே பெண்மான்கள் பிரிந்து தெரிந்தன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கலைமான். முதுகும் விலாவும் கருப்பு, வயிறு சுத்தமான வெள்ளை, தலைக்கு மேல் முறுக்கிக்கொண்டு போகும் இரண்டு கொம்புகள். இன்னும் பக்கத்தில் போகலாமா என்று நான் கேட்டேன். "நாம நடந்தா அது ஓடும். நின்னா அது மேயும். எது பார்க்கணும்?" என்றீர்கள்.

நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா பாதையோர மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். மான்கள் எங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. துள்ளி ஓடும் வெளிமானைப் படங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அது அப்படித் துள்ளுவது பயத்தில். வண்டியை நிறுத்திக் கைதட்டி ஓடவிட்டு வீடியோ எடுப்பவர்களைப் பற்றிச் சொன்னபோது உங்கள் குரல் மாறியது. தீனி குறைந்த கோடையில் அப்படி நாலு முறை ஓடவிட்டால், அது தின்ற புல் அந்த ஓட்டத்துக்கே சரியாகப் போய்விடும் என்றீர்கள். மேய்கிற மானைப் பார்க்க வைத்ததற்காக உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. பொறுமையாக நிற்பதும் நடையின் பகுதிதான் என்பதை முழங்கால் வலியோடு இருக்கும் ஒருவரால்தான் முழுதாக ரசிக்க முடிகிறது. அன்றைக்கு எங்களில் நன்றாக நடந்தவர் அம்மாதான்.

அந்தப் புல்வெளி சுருங்கிக்கொண்டு வருகிறது என்பதையும் காட்டினீர்கள். விளிம்பு நெடுக சீமைக்கருவேலம். வெளிமானுக்கு மறைவிடம் தேவையில்லை. தூரத்திலிருந்தே ஆபத்தைப் பார்க்கும் திறந்தவெளிதான் அதற்குப் பாதுகாப்பு. முள்மரம் அடைத்துக்கொண்டால் கண் அடைபட்ட மாதிரி. ஊர்நாய்கள் உள்ளே வருவது இன்னொரு கேடு. புல்லுக்குப் போட்டியாக மட்டக்குதிரைகளும் இருக்கின்றன. வீட்டுக் குதிரைகளாக வந்து, கேட்பாரற்றுப் பெருகி, காட்டில் தாங்களாகவே வாழப் பழகிக்கொண்டவை. பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் குதிரைகள் பெரிய மகிழ்ச்சி, எனக்கும்தான். ஆனால் மான் தின்னும் புல்லைத்தான் அவையும் தின்கின்றன. இந்தக் கணக்கைத் தீர்ப்பது எப்படி என்பதில் உங்களுக்கே குழப்பம் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ராமர் பாதம் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கோடியக்கரையிலேயே உயரமான இடம் அதுதான் என்று சொல்லி அழைத்துப் போனீர்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்! பழைய மணல்மேடு ஒன்றின் மேல் சிறு மண்டபம், உள்ளே பாதச் சுவடு. இலங்கையை இங்கிருந்துதான் ராமர் பார்த்தார் என்பது ஊர் நம்பிக்கை. அம்மா உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே நின்றபோது சுற்றிலும் பாலை மரங்களின் உச்சி பச்சைப் பரப்பாகத் தெரிந்தது, அதற்கு அப்பால் கடலின் கோடு. எத்தனையோ மலைகளின் உச்சியில் நான் நின்றிருக்கிறேன், அம்மா கீழே இருக்க. ஒரு காட்டின் மிக உயர்ந்த இடத்தில் என் அம்மா என்னோடு நின்றது அன்றைக்குத்தான். நாலு மீட்டரை இளக்காரமாகப் பேச இனி என்னால் முடியாது.

அங்கிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் வந்தால் முனியப்பன் ஏரி. காட்டுக்குள்ளேயே முனியப்பன் இருக்கிறார், தர்கா இருக்கிறது. வெளியே கோடியக்காட்டில் குழகர் கோயில். கடற்காற்று அடிக்கும் இந்தக் காட்டுக்கரையில் துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே என்று இறைவனைப் பார்த்து வருந்திப் பாடியிருக்கிறார் சுந்தரர். தலத்தைப் புகழ்ந்து பாடும் பதிகங்களுக்கு நடுவே, அதன் தனிமையைக் கண்டு கலங்கும் பதிகம் அது. இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த இடத்தின் குணம் மாறாமல் இருப்பது நம் காலத்தின் அதிர்ஷ்டம்.

பிறகு சதுப்பு. வேதாரண்யம் சதுப்பு என்று வரைபடத்தில் பார்த்தபோது சேறும் சகதியுமான ஒரு இடத்தைத்தான் கற்பனை செய்திருந்தேன். வந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை தகடு போன்ற தண்ணீர், அதற்கு இடையிடையே உப்புப் பூத்த தரை. பொன்னியின் செல்வன் நாவலில் கோடியக்கரைப் புதைசேற்றைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் அது எங்கே இருக்கிறது என்று தவறாமல் கேட்பார்கள் என்று சொன்னீர்கள். பிறகு குச்சியை எடுத்து, நன்றாகக் காய்ந்து வெடித்திருந்த தரையில் குத்தினீர்கள். குச்சி முழங்கை அளவுக்கு இறங்கியது. "பால்ல ஏடு படிஞ்ச மாதிரி. மேலதான் கெட்டி" என்றீர்கள். உமரி முளைத்திருக்கும் இடமாகப் பார்த்து, அதுவும் நீங்கள் வைத்த அடியின் மேலேயே எங்கள் அடியை வைத்து, கரையோரமாக மட்டும் நடந்தோம். சற்று நேரத்தில் அதற்கும் ஒரு எல்லை போட்டீர்கள். இதற்கு மேல் வேண்டாம் என்று.

இந்தச் சதுப்பில் தண்ணீரை நகர்த்துவதில் அலையைவிடக் காற்றுக்குப் பங்கு அதிகம் என்று நீங்கள் சொன்னது எனக்குப் புதிய செய்தி. பாக் நீரிணையில் ஏற்றவற்றத்தின் உயரம் குறைவு. சதுப்போ ஆழமே இல்லாத பரப்பு. வாடைக்காற்று அடித்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும், காற்று மாறினால் மறுபக்கம் வரும். நேற்று முழங்கால் அளவு நின்ற இடம் இன்றைக்குக் கணுக்கால் அளவு. தண்ணீரின் ஆழத்துக்கு ஏற்பப் பறவைகளும் இடம் மாறுகின்றன. நெடுங்காலன்கள் நிற்கும் ஆழத்தில் சின்ன உள்ளான்கள் நிற்க முடியாது. ஆகவே பறவை பார்க்க வேண்டுமானால் காலையில் எழுந்ததும் காற்றைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் பாடம். அன்றைக்கு எங்களை எந்தப் பக்கம் கூட்டிப்போவது என்று, நாங்கள் வருவதற்கு முன்பே நீங்கள் காற்றைப் பார்த்து முடிவு செய்திருந்தீர்கள்.

பூநாரைகள் தூரத்தில் நின்றன. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு நீண்ட வரிசை. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை அரித்து, சிற்றுயிர்களைத் தின்னும் பறவை அது. தின்னும் உணவில் இருந்துதான் அந்தச் சிவப்பே வருகிறது. இந்தியாவில் அவை கூடு கட்டும் பெரிய இடம் கட்ச் ராண் உப்புவெளி. அத்தனை தூரம் தாண்டி இங்கே வருகிற பறவையை, ஒரு படத்துக்காகக் கிட்டே போய்க் கிளப்பிவிடுவது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கவில்லை. பைனாகுலரை அம்மாவின் கையில் கொடுத்து, குவியத்தைத் திருப்பக் கற்றுக்கொடுத்தீர்கள். அதிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது.

எனக்கோ பூநாரையைவிட உள்ளான்கள்தான் மனதில் நின்றன. சேற்றின் விளிம்பில் ஓடி ஓடிக் கொத்தும் சிட்டளவுப் பறவைகள். கொசு உள்ளான் 30 கிராம்கூட எடை வராது. ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் ஓரம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்பாகப் பறந்து இங்கே வந்து சேர்கிறது. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? காலில் வளையம் போட்டுத்தான். கோடியக்கரையின் அருமையை 1960களிலேயே உணர்ந்தவர் சாலிம் அலி. அவர் வழிநடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே ஆண்டுக்கணக்கில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விட்டிருக்கிறது. அந்தப் பணியில் பறவை பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தினர். விற்பதற்காகப் பறவை பிடிப்பது அவர்களின் பரம்பரைத் தொழில். அதே கைத்திறனை, இறகு கசங்காமல் பிடித்து வளையமிட்டுத் திரும்பப் பறக்கவிடுவதற்குத் தந்தார்கள். அறிவியல் கட்டுரைகளின் அடியில் அவர்களில் பலருடைய பெயர் இருக்காது. உங்கள் பெயர் இல்லாத இந்த மடலில் அவர்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

கடற்கரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலை நனைத்துவிட்டுப் போன மணலில் நடந்தால் கால் பதியாது, மேலே காய்ந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் கடுக்கும் என்பது அம்மாவுக்குத் தானாகவே தெரிந்திருந்தது. அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைத்திருக்கும் மேடுகளில் கால் வைக்காமல் சுற்றி வரச் சொன்னீர்கள். மழைக்காலம் தொடங்கியதும் நாகையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மீனவர்கள் படகோடு வந்து, வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்யும் கரை அது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் செங்கல் கோபுரம் 2004 சுனாமியில் விழுந்து, எச்சம் மட்டும் கிடக்கிறது. அதன் முன்னால் நின்று நீங்கள் எதுவும் விளக்கவில்லை. அந்தக் காலையில் கரையில் இருந்தவர்கள் யார் யார் என்று மட்டும் சொன்னீர்கள்.

ஆமைகளைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடக் கூடாது. தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமைகள் கரையேறி, மணலைத் தோண்டி நூறுக்கு மேல் முட்டையிடும். நாயும் நரியும் தோண்டுவதற்கு முன்னால் அந்த முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் புதைத்து வைக்க வேண்டும். அதற்காக நள்ளிரவில் கரை நெடுக நடக்கிறீர்கள். பகலில் எங்களைப் போன்றவர்களோடு நடந்த அதே கால்கள். குஞ்சுகள் வெளிவர ஏறத்தாழ ஐம்பது நாள். வந்ததும் கடலில் விட வேண்டும். வலையில் சிக்கிச் செத்து ஒதுங்கும் பெரிய ஆமைகளைப் புதைப்பதும் உங்கள் வேலைதான் என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

திரும்பும் வழியில் அகத்தியம்பள்ளி உப்பளங்களைக் கடந்தோம். மழை நின்று, பாத்திகளைச் சீர் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ஒரு பெரிய நடை முடிந்திருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் காவிரி டெல்டா வழியாக நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பள்ளிக் கைதானார் ராஜாஜி. சோறு போட்டால் சிறை என்று மிரட்டல் இருந்தும் வழிநெடுக ஊர் மக்கள் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். நடக்கிறவரின் பெயர் வரலாற்றில் நிற்கும்; வழியில் தாங்கியவர்களின் பெயர் நிற்காது. வேதாரண்யத்துக்கு இது புதிதில்லை.

நீங்கள் தாங்கியது எவ்வளவு என்று எனக்கு ஓரளவு தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது உங்கள் தலைக்கு மேல்தான். வேதாரண்யத்தில் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. காட்டில் நூறாண்டுப் பாலை மரங்கள் முறிந்தன. வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் செத்து ஒதுங்கின. நாங்கள் சுகமாக நடந்து வந்த பாதை அன்றைக்குப் பாதையாகவே இல்லை. "வெட்டி வெட்டி ஒதுக்கினோம். எங்க வீட்டு ஓடு பறந்து கிடந்துச்சு, அதைப் பார்க்கவே பத்து நாள் ஆச்சு" என்று ஒரே வாக்கியத்தில் அதைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். முறிந்த பாலையின் அடிமரத்திலிருந்து புதிய கிளைகள் வந்திருப்பதைக் காட்டத்தான் உங்களுக்கு ஆர்வம் இருந்தது.

அண்ணே, எளிதான நடை என்று நாங்கள் சொல்வதில் உங்கள் கடினமான நாட்கள் எத்தனை புதைந்திருக்கின்றன! முள்ளை வெட்டி, பாதையைத் திறந்து, எந்தத் தரை தாங்கும் எது தாங்காது என்று தினமும் குத்திப் பார்த்து, காற்றைப் படித்து, கண்ணி வைப்பவர்களை விரட்டி, இரவில் ஆமை முட்டை சுமந்து, அதற்குப் பிறகு காலையில் வந்து என் அம்மாவின் செருப்பு வாரைக் குனிந்து பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கைகளில் அம்மா கொஞ்சம் பணத்தைத் திணித்தபோது, அலுவலகத்தில் கட்டிய கட்டணமே போதும் என்று மறுத்தீர்கள். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

இனி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. கார்த்திகை முதல் மாசி வரை கோடியக்கரைக்குப் போங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 2023 முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. வேதாரண்யத்திலிருந்து பேருந்தும் உண்டு. வனத்துறை அனுமதியோடு, காவலரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடங்கள். அவர் நில் என்ற இடத்தில் நில்லுங்கள். தண்ணீர் பாட்டிலையும் தீனிப் பொட்டலத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம். மானை ஓடவிடாதீர்கள், பறவையைக் கிளப்பாதீர்கள். மலை ஏற முடியாது என்று நீங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களை இங்கே கூட்டி வாருங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் காடுகளில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே வேலை செய்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் கொடுத்த மனுக்கள் பழசாகிவிட்டன. சூழல் சுற்றுலாவை வளர்க்கப் புதிய கட்டடங்களும் வளைவுகளும் கட்டுவதற்கு முன்னால், அந்தக் காவலர்களை நிரந்தரமாக்குங்கள். ஆர்க்டிக் பறவைகள் வந்து இறங்கும் சதுப்பைக் காப்பவர்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பது தயவு இல்லை. கொடுக்க வேண்டிய கடன்.


அம்மாவோடு வந்த தங்கச்சி